வளைவில் ஒரு ஹாரன்

மூன்று மழைக்காலம்
சோளக் களஞ்சியத்தின் கல்தூண்களுக்கு நடுவே
நின்றபடியே நின்றது என் ரெனோ.
செவ்வாய்க்கிழமை நீதிமன்றம் உரிமத்தைத் திருப்பித் தந்தது.
புதன்கிழமை புது பேட்டரி.
இன்ஜின் இருமியது, கரும்புகை துப்பியது,
பிறகு பழையபடி பேச ஆரம்பித்தது.

கிளட்ச் மட்டும் வாய் திறக்கவில்லை.
மிதி தாராளமாகக் கீழே போகிறது,
பாலில் போட்ட ரொட்டி போல.
கியரைத் தள்ளினால்
கறக், என்று பல்லைக் கடிக்கிறது.

உள்ளே நடந்தது எனக்குத் தெரியும்.
கால் வைத்ததும் விலக வேண்டிய வட்டு
கலீசியாவின் ஈரத்தைக் குடித்துக் குடித்து
துருவிலேயே பசை காய்ச்சி
சக்கரத்தோடு ஒட்டிக்கொண்டது.
யாரும் தொடாமல் வைத்தால் இரும்புக்கும் இப்படித்தான்.

துடைப்பக் கட்டையை அறுத்து
இருக்கைக்கும் மிதிக்கும் நடுவே முட்டுக்கொடுத்தேன்.
ராத்திரி பூராவும் அமுங்கிக் கிடக்கட்டும்.
இரண்டு மணிக்கு எழுந்து டார்ச்சோடு போய்ப் பார்த்தேன்,
காய்ச்சல் பிள்ளையை எட்டிப் பார்ப்பது மாதிரி.
விடிந்தது.
கறக்.

லூகோவில் மெக்கானிக் நானூற்றிருபது யூரோ கேட்டான்.
மொத்த வண்டியே அவ்வளவு போகாது.

இன்னொரு வழி உண்டு.
இன்ஜினைச் சூடாக்கி அணை.
இரண்டாம் கியரில் போடு, மிதியை மிதித்தபடி சாவியைத் திருப்பு.
முயல் மாதிரி துள்ளும். துள்ளும்போது பிரேக்கை அடி.
துள்ளியது. அடித்தேன்.
வட்டு விடவில்லை. முற்றம் தாண்டி, படல் தாண்டி,
சந்தின் நடுவே போய் மூச்சை விட்டது
சரியாக அந்த வளைவில்.

சான் மார்த்தீன் விழா இரவு, நான் குடித்திருந்தேன்.
உபால்தோவின் மஞ்சள் பசு மரேலா
அங்கேதான் நின்றிருந்தாள்.
பதினெட்டுத் தவணையில் கட்டி முடித்தேன்.
கோயிலில் அவன் வலப்பக்க பெஞ்ச் என்றால்
நான் இடப்பக்கம்.

கீழிருந்து டிராக்டர் வந்தது,
முன்கையில் ஒரு புல்லுருண்டையைக் குத்தி ஏந்திக்கொண்டு.
ஒதுங்க முடியாத சந்து. யார் வருவது என்று
சத்தத்திலேயே தெரிந்துவிட்டது.

இறங்கினான். ஜன்னல் வரைக்கும் குனிந்தான்.
தேவைக்கு மேல் கொஞ்சம் நேரம் குனிந்தே நின்றான்.
என் மூச்சை முகர்ந்தானோ என்னவோ.
காபி வாசம்தான் கிடைத்திருக்கும்.
"ஒட்டிக்கிச்சா?"
"ஒட்டிக்கிச்சு."
"மூணாவதுல போடு. மிதியை விடாதே.
ஹாரன் கேட்டா பிரேக்."

என் பின்கதவில் புல்லுருண்டை வந்து பொருந்தியது,
முட்டையைத் தொடுகிற பதத்தில்.
பிறகு மலை தள்ளுவது போல ஒரு தள்ளல்.
சாவியைப் போட்டேன். இன்ஜின் விழித்துக்கொண்டு உறுமியது.
ஹாரன். அடித்தேன். இல்லை.
ஹாரன். தலை கண்ணாடியில் இடித்தது. இல்லை.
கல்சிலுவையடி மேட்டில் மூன்றாவது ஹாரன்.

டக்.

அவ்வளவு சின்னச் சத்தம்.
ஜாடி மூடி திறப்பது போல.
வண்டி தளர்ந்தது, இன்ஜின் தன் பாட்டுக்கு ஓடியது.
முதல் கியர் வெண்ணெயில் கத்தியாய் விழுந்தது.
இரண்டு முறை போட்டு எடுத்துப் பார்த்தேன்.
மூன்றாவது முறையும்.

அவன் மறுபடி இறங்கி வந்தான்.
பின்கதவில் ஒட்டிய புல்லைத் தட்டிவிட்டான்.
நான் எதையோ சொல்ல வாயெடுத்தேன்.
"பிரேக் இப்ப நல்லா பிடிக்குது," என்றான்
சிலுவையைப் பார்த்துக்கொண்டு.

டிராக்டரில் ஏறி ஹாரன் அடித்தான்.
என் கால் பிரேக்குக்குப் பாய்ந்தது.
தூறல். வைப்பர் ஒன்றுதான் வேலை செய்கிறது.
மறுபடி ஹாரன், கொஞ்சம் நீளமாக.
அப்புறம்தான் உறைத்தது,
இது போகச் சொல்கிற ஹாரன்.